பேருதான் காய்ச்சல், உடம்போ ஜில்! கன்று ஈன்ற கறவை மாட்டை சாய்க்கும் சுண்ணாம்பு சத்து குறைவு

கன்று போட்ட மறுநாள் விடியற்காலை. பால் கறக்க சொம்போடு போனால் மாடு எழுந்திருக்கவில்லை. தட்டினாலும் எழவில்லை. வாலை முறுக்கினாலும் எழவில்லை. கழுத்தை வளைத்து தலையை விலாவில் சாய்த்து, தூங்குவது போல படுத்து கிடக்கிறது.

"கன்னு போட்ட அலுப்பு, கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சுரும்" என்று வீட்டில் இருப்பவர்கள் விட்டு விடுவது வழக்கம். அந்த கொஞ்ச நேரம்தான் மாட்டின் உயிருக்கே உலை வைத்து விடுகிறது.

இந்த நோய்க்கு பால் காய்ச்சல் என்று பெயர். பால் ஜுரம் என்றும் சொல்வார்கள். ரத்தத்தில் கால்சியம் என்ற சுண்ணாம்பு சத்து திடீரென குறைவதால் இது வருகிறது. நேரத்துக்கு டாக்டர் வந்து மருந்து ஏற்றினால், இனி தேறாது என்று கைவிட்ட மாடு கூட சிறிது நேரத்தில் எழுந்து நின்று தீவனம் கடிக்கும். தாமதமானால் சில மணி நேரத்தில் கதை முடிந்து விடும்.

ஈரோடு, நாமக்கல், சேலம், திருப்பூர் மாவட்டங்களில் ஒன்றிரண்டு மாடுகளை வைத்து, சொசைட்டிக்கு பால் ஊற்றி குடும்பம் நடத்துபவர்கள் ஏராளம். நல்ல கறவை மாடு இன்று 50 ஆயிரம் ரூபாயை தாண்டி விட்டது. மகளிர் குழுவிலும், பாங்கிலும் கடன் வாங்கித்தான் பலர் மாடு பிடிக்கிறார்கள். கன்று போட்டு கறவைக்கு வந்த நேரத்தில் மாடு செத்தால் பாலும் போச்சு, மாடும் போச்சு, கடன் மட்டும் நிற்கும்.

இத்தனைக்கும் இது குணப்படுத்தக்கூடிய நோய். பெரும்பாலும் வராமல் தடுக்கவும் முடியும். அது பற்றிய விவரம் வருமாறு:-

காய்ச்சல் அடிக்காத காய்ச்சல்

இந்த நோயில் முதல் குழப்பமே பெயர்தான். பால் காய்ச்சல் என்றால் உடம்பு கொதிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது நேர் எதிர்.

நல்ல நிலையில் இருக்கும் மாட்டின் உடம்பு சூடு சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். பால் காய்ச்சல் வந்தால் அது 100 டிகிரிக்கும் கீழே இறங்கும். முற்றி விட்டால் இன்னும் குறையும். காதை தொட்டால் ஐஸ் மாதிரி ஜில்லென்று இருக்கும். கால் நுனியும் குளிர்ந்து போகும்.

பெயரை நம்பி "காய்ச்சல்தானே" என்று மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கி கொடுப்பவர்கள் உண்டு. ஏற்கனவே குளிர்ந்து கிடக்கும் மாட்டுக்கு தலையில் தண்ணீர் ஊற்றுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு.

மாட்டின் காதை தொட்டு பாருங்கள். கன்று போட்டு 3 நாட்களுக்குள் மாடு படுத்து, காதும் ஜில்லென்று இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பால் காய்ச்சலைத்தான்.

3 கிராம் கணக்கு

சுண்ணாம்பு சத்து எலும்புக்கு மட்டும்தான் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். தசை சுருங்கி விரிய, நரம்பு வேலை செய்ய, இதயம் துடிக்க, வயிறு அசை போட எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அது குறைந்தால் கால் தசை இழுக்காது. அதனால்தான் மாடு எழ முடியாமல் கிடக்கிறது.

ஒரு பெரிய மாட்டின் ரத்தத்தில் ஓடிக்கொண்டு இருக்கும் சுண்ணாம்பு சத்து மொத்தமே சுமார் 3 கிராம்தான். ஒரு சிட்டிகை அளவு என்று வைத்து கொள்ளுங்கள்.

கன்று போட்டதும் சுரக்கும் சீம்பாலில் ஒரு லிட்டருக்கு சுமார் 2 கிராம் சுண்ணாம்பு சத்து இருக்கிறது. சாதாரண பாலில் இருப்பதை விட இது அதிகம். ஒரு மாடு 10 லிட்டர் சீம்பால் சுரந்தால் 20 கிராம் போய் விடும். அதாவது ரத்தத்தில் இருப்பதை போல 6, 7 மடங்கு.

முதல் நாள் வரை இந்த அளவு செலவு கிடையாது. கன்று போடும் நேரத்தில் மடி வேகமாக இழுக்க ஆரம்பித்து விடுகிறது.

அப்படியானால் எல்லா மாடும் படுத்து விட வேண்டுமே என்று கேட்கலாம். மாட்டின் எலும்பில் சுண்ணாம்பு சத்து கிலோ கணக்கில் இருக்கிறது. தீவனத்தில் இருந்தும் குடல் வழியாக வருகிறது. ரத்தத்தில் குறையும்போது, கழுத்து பகுதியில் இருக்கும் பாரா தைராய்டு என்ற சின்ன சுரப்பி இதை கவனித்து உத்தரவு போடும். அந்த உத்தரவுப்படி எலும்பும் குடலும் சுண்ணாம்பு சத்தை ரத்தத்துக்கு அனுப்பும்.

ஆனால் இந்த ஏற்பாடு முழு வேகத்துக்கு வர நேரம் பிடிக்கும். குடல் சுறுசுறுப்பாக சுமார் ஒரு நாளும், எலும்பில் இருந்து வேண்டிய அளவு இறங்க சுமார் 2 நாளும் ஆகும். பாங்கில் லட்ச ரூபாய் இருக்கிறது, ஆனால் பாங்கு திங்கட்கிழமைதான் திறக்கும், ஆஸ்பத்திரி செலவு சனிக்கிழமை ராத்திரி வந்து விட்டது என்றால் எப்படி இருக்கும்? அந்த நிலைதான் மாட்டுக்கு.

அந்த ஒன்றிரண்டு நாளை சமாளிக்க முடியாத மாடுதான் படுத்து விடுகிறது.

எந்த மாட்டுக்கு வரும்?

முதல் ஈத்து கிடேரிக்கு இந்த நோய் வருவது மிகவும் அபூர்வம். பால் குறைவு, இளம் எலும்பு. அதனால் சமாளித்து விடும். 3-வது ஈத்தில் இருந்து ஆபத்து ஆரம்பிக்கிறது. வயது ஏற ஏற எலும்பு சீக்கிரம் கொடுக்காது, குடலும் சீக்கிரம் உறிஞ்சாது.

இனத்தில் ஜெர்சிக்கு அதிகம் வரும். நம்ம ஊர்களில் ஜெர்சி கலப்பின மாடுகள்தான் அதிகம் என்பதால் இதை மறக்கக்கூடாது. நிறைய பால் கறக்கும் எச்.எப். கலப்பினத்துக்கும், முர்ரா போன்ற எருமைகளுக்கும் வரும். காங்கேயம், உம்பளச்சேரி போன்ற நாட்டு மாடுகள் கன்றுக்கு போக கொஞ்சம் பால்தான் கொடுக்கும். எனவே அவற்றில் இந்த தொல்லை குறைவு.

சினை காலத்தில் கொழுத்து போன மாட்டுக்கும் ஆபத்து கூடுதல். போன ஈத்தில் பால் காய்ச்சல் வந்து பிழைத்த மாடு என்றால், அடுத்த ஈத்திலும் வரும் என்று எதிர்பார்த்தே தயாராக இருக்க வேண்டும்.

ரொம்ப பால் கறக்கும் மாடு திடீரென விழுந்தால் "கண்ணு பட்டுருச்சு" என்று சொல்வார்கள். நன்றாக கறக்கிற மாட்டுக்குத்தான் இந்த நோய் வரும் என்பதால் அப்படி தோன்றுகிறது. கண்ணேறு கழிப்பதில் தப்பில்லை. அதற்கு முன்னால் டாக்டருக்கு போன் போட்டு விட வேண்டும்.

3 கட்டமாக முற்றும்

பெரும்பாலும் கன்று போட்ட 72 மணி நேரத்துக்குள் இந்த நோய் தாக்கும். சில மாடுகளுக்கு கன்று போடும்போதே வந்து விடும். அப்போது கர்ப்பப்பை சுருங்காது. மாடு முக்காது. கன்று வெளியே வராமல் நிற்கும்.

முதல் கட்டம்:- மாடு நின்று கொண்டுதான் இருக்கும். தீவனம் எடுக்காது. உடம்பு லேசாக நடுங்கும். காது துடிக்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். பின்னங்கால் தள்ளாடும். தொட்டால் மிரளும். இந்த கட்டம் சிறிது நேரம்தான். பலர் பார்ப்பதே இல்லை.

2-வது கட்டம்:- மாடு நெஞ்சு தரையில் படும்படி படுத்து விடும். கழுத்தை வளைத்து தலையை விலா பக்கம் சாய்க்கும். நேராக இழுத்து விட்டாலும் மறுபடி வளைத்துக்கொள்ளும். மூக்கு நுனி ஈரம் இல்லாமல் காய்ந்து போகும். காது ஜில்லென்று ஆகும். அசை போடாது. சாணம் போடாது. கண் மணி விரிந்து பார்வை மங்கும்.

3-வது கட்டம்:- மாடு கால்களை நீட்டி பக்கவாட்டில் சாய்ந்து விடும். வயிறு உப்பும். கூப்பிட்டாலும் அடித்தாலும் உணர்வு இருக்காது. நாடி துடிப்பு கையில் அகப்படாது. இந்த கட்டத்தில் சில மணி நேரத்தில் உயிர் போய் விடும்.

சிகிச்சையே செய்யாமல் விட்டால் 10 மாட்டில் 6, 7 மாடு செத்து விடும். 2-வது கட்டத்திலேயே மருந்து ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் பிழைத்து விடும். இந்த வித்தியாசம் வெறும் சில மணி நேரத்தில் இருக்கிறது.

வாயில் ஊற்றாதீர்கள்

பால் காய்ச்சலில் நோயால் சாகும் மாடு ஒரு பக்கம் இருக்க, வீட்டு வைத்தியத்தால் சாகும் மாடும் உண்டு.

மாடு படுத்து விட்டதும் பதறி போய், தலையை தூக்கி பிடித்து மூங்கில் குழாயில் கசாயம், நல்லெண்ணெய், கருப்பட்டி தண்ணீர் என்று கையில் கிடைத்ததை வாயில் ஊற்றுகிறார்கள். சிலர் கால்சியம் டானிக்கையே ஊற்றுகிறார்கள். "சுண்ணாம்பு சத்து குறைஞ்சதுக்கு டானிக்தானே ஊத்தறோம்" என்று அவர்கள் சொல்வது நியாயம் போல தெரியும்.

ஆனால் இந்த நேரத்தில் மாட்டின் தொண்டை தசையும் வேலை செய்யாது. விழுங்க தெரியாது. ஊற்றியது இரைப்பைக்கு போகாமல் மூச்சு குழாய் வழியாக நுரையீரலுக்கு போய் விடும். உடனே மூச்சு திணறி சாகலாம். இல்லாவிட்டால் நுரையீரல் காய்ச்சல் வந்து சில நாள் கழித்து சாகும். மருந்து ஏற்றி பால் காய்ச்சல் குணமான பிறகும் இப்படி மாடு போவதுண்டு.

சூடு போடுவது, கம்பால் அடித்து எழுப்புவது, கயிறு கட்டி இழுப்பது எதுவும் வேண்டாம். மாடு முரண்டு பிடித்து படுக்கவில்லை. அதற்கு எழ முடியவில்லை.

டாக்டர் வரும் வரை

அந்த நேரத்தில் வீட்டில் செய்ய வேண்டியவை வருமாறு:-

* பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் 2, 3 பேர் சேர்ந்து நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டு அல்லது மணல் மூட்டை முட்டு கொடுக்கலாம். இப்படி வைத்தால் வயிறு உப்பி மூச்சு முட்டுவது குறையும்.

* சிமெண்ட் தரையில் கிடந்தால் அடியில் கனமாக வைக்கோல் அல்லது மணல் போட வேண்டும்.

* 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி படுக்க வைக்க வேண்டும். 400 கிலோ உடம்பு ஒரே தொடையின் மேல் பல மணி நேரம் அழுத்தினால் அந்த தசையும் நரம்பும் செத்து போகும். பிறகு சுண்ணாம்பு சத்து ஏறினாலும் மாடு எழாது.

* வெயிலில் கிடந்தால் நிழல், மழை பனியில் கிடந்தால் சாக்கு போர்வை.

* பாலை ஒட்ட கறக்கக்கூடாது. கன்றுக்கு வேண்டிய சீம்பாலை மட்டும் கொஞ்சமாக கறந்து கொடுக்க வேண்டும். கன்று பிறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சீம்பால் குடித்தே ஆக வேண்டும். அதை நிறுத்தக்கூடாது.

* கன்று போட்ட நேரம், எத்தனையாவது ஈத்து, முன்பு இந்த நோய் வந்ததா, வாயில் ஏதாவது ஊற்றினீர்களா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பாட்டில் ஏற்றினால் எழுந்து விடும்

பால் காய்ச்சலுக்கு மருந்து கால்சியம் போரோ குளுக்கோனேட். மாட்டு டாக்டர்கள் கொண்டு வரும் 450 மில்லி பாட்டில் இதுதான். கழுத்து நரம்பில் ஊசி குத்தி சொட்டு சொட்டாக ஏற்றுவார்கள்.

பார்க்க சுலபமாக தெரியும். இதில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. இதயம் துடிக்க சுண்ணாம்பு சத்து வேண்டும் என்று பார்த்தோம். அது ஒரேயடியாக இதயத்தில் போய் பாய்ந்தால் துடிப்பே நின்று விடும். அதனால்தான் டாக்டர்கள் மருந்தை உடம்பு சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, இதய துடிப்பை கேட்டுக்கொண்டே 10 நிமிடத்துக்கு குறையாமல் மெதுவாக ஏற்றுகிறார்கள். துடிப்பு தாறுமாறானால் உடனே நிறுத்துவார்கள்.

"டாக்டர் வர நேரமாகும், நானே போட்டு விடுறேன்" என்று பாட்டிலை அவசரமாக இறக்கும் ஆட்களிடம் மாட்டை கொடுத்தால், ஊசி கழுத்தில் இருக்கும்போதே மாடு சாகலாம். காசை மிச்சம் பிடிக்க போய் மாட்டை இழக்க வேண்டாம்.

மருந்து சரியாக வேலை செய்தால் அறிகுறி அங்கேயே தெரியும். மாடு ஏப்பம் விடும். தசை துடிக்கும். மூக்கு நுனியில் வேர்வை முத்து முத்தாக அரும்பும். கட்டி இருந்த சாணத்தை போடும், மூத்திரம் விடும். தலையை ஆட்டி விட்டு எழுந்து விடும். சில மாடுகளுக்கு அரை மணி நேரம், சிலவற்றுக்கு 2 மணி நேரம் வரை ஆகலாம்.

எழுந்து விட்டது என்று நிம்மதியாக தூங்கி விடவும் கூடாது. மருந்தில் ஏறிய சுண்ணாம்பு சத்து சில மணி நேரம்தான் தாங்கும். பாங்கு இன்னும் திறக்காமல் இருந்தால் மறுபடி படுத்து விடும். பிழைத்த 4 மாட்டில் ஒரு மாட்டுக்கு இப்படி திரும்ப வரலாம். எனவே 2 நாள் ராத்திரியும் பகலும் மாட்டின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும்.

மருந்து ஏற்றியும் எழாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். மணிச்சத்து குறைவு, கன்று போடும்போது இடுப்பு நரம்பு அடிபடுவது, கடுமையான மடி நோய், கர்ப்பப்பை சீழ் போன்றவற்றிலும் மாடு படுத்து விடும். மடி நோயில் விஷம் ஏறினாலும் காது ஜில்லிடும். எந்த நோய் என்று பார்த்து சொல்ல டாக்டர் வேண்டும் என்பது இதனால்தான்.

சைக்கிள் பம்பு வைத்தியம்

இந்த நோயின் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவாரசியமானது.

100 வருடங்களுக்கு முன்பு வெள்ளைக்கார நாடுகளிலும் இது மர்ம நோயாகவே இருந்தது. நல்ல கறவை மாடுகள் கொத்து கொத்தாக செத்தன. 1897-ம் ஆண்டு டென்மார்க் நாட்டை சேர்ந்த ஷ்மிட் என்ற கால்நடை டாக்டர், கோளாறு மடியில்தான் இருக்கிறது என்று நினைத்தார். காம்பு வழியாக மடிக்குள் ஒரு மருந்து தண்ணீரை செலுத்தினார். மாடுகள் பிழைத்தன.

1901-ல் அதே நாட்டில் ஆண்டர்சன் என்பவர், மருந்தே வேண்டாம், வெறும் காற்றை அடித்தாலே போதும் என்று காட்டினார். அதன் பிறகு காம்பில் குழாய் வைத்து மடிக்கு காற்று அடிப்பது உலகம் முழுவதும் பரவியது. சைக்கிள் பம்பை வைத்து காற்று அடித்தவர்களும் உண்டு. சாவு மளமளவென்று குறைந்தது.

காரணம் தெரியாமலேயே வைத்தியம் பலித்தது எப்படி? மடியில் காற்று நிரம்பியதும் பால் சுரப்பது நின்றது. பால் நின்றதும் சுண்ணாம்பு சத்து வெளியேறுவதும் நின்றது. அவ்வளவுதான் ரகசியம். 1925-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள் ரத்தத்தை சோதித்து, சுண்ணாம்பு சத்து குறைவதுதான் நோய்க்கு காரணம் என்று சொன்ன பிறகே இது புரிந்தது.

இன்று யாரும் பம்பை தூக்க வேண்டாம். சுத்தம் இல்லாத குழாயை காம்பில் விட்டால் மடி நோய் வந்து மடியே கெட்டு விடும். ஊசி மருந்து இருக்கும்போது அது தேவையும் இல்லை.

சினை மாட்டுக்கு டானிக் கொடுக்கலாமா?

சினை மாட்டுக்கு கடைசி மாதத்தில் கால்சியம் டானிக் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றுபவர்கள் அதிகம். "முன்கூட்டியே சத்து ஏத்தி வச்சா கன்னு போட்டதும் தாங்கும்" என்பது அவர்கள் கணக்கு. அகத்தி, குதிரை மசால், வேலி மசால், சூபாபுல் என்று சுண்ணாம்பு சத்து நிறைந்த தழைகளையும் தேடி தேடி போடுகிறார்கள்.

இந்த கணக்கு தப்பு. தீவனத்திலேயே சுண்ணாம்பு சத்து ஏராளமாக வந்து கொண்டு இருந்தால், உத்தரவு போடும் சுரப்பிக்கு வேலை இல்லை. அது தூங்கி விடும். எலும்பும் குடலும் கூட பழக்கம் விட்டு போகும். கன்று போட்ட அன்று திடீரென தேவை வரும்போது எழுப்பினாலும் எழாது. சத்து கொடுத்ததே நோய்க்கு வழி பண்ணி விடும்.

எனவே கன்று போடுவதற்கு முந்தைய 3, 4 வாரம் கூடுதல் கால்சியம் டானிக் வேண்டாம். தாது உப்பு கலவை கொடுப்பதாக இருந்தால் எவ்வளவு என்று டாக்டரை கேட்டு கொடுக்க வேண்டும். அகத்தி, மசால் வகைகளை அந்த வாரங்களில் குறைத்து, சோளத்தட்டு போன்ற தட்டு தீவனத்தை கூட்டலாம்.

சாம்பல் சத்து என்னும் பொட்டாசியம் அதிகம் உள்ள தீவனமும் சுரப்பியின் உத்தரவை எலும்பு கேட்க விடாமல் செய்யும். சாணமும் உரமும் அதிகம் கொட்டி வளர்த்த புல்லில் இது கூடுதலாக இருக்கும். நிறைமாத மாட்டுக்கு அந்த புல்லை மட்டுமே வயிறு முட்ட போடக்கூடாது.

இதற்காகவே நிறைமாத மாட்டுக்கு கொடுக்கும் தனி உப்புகள் உண்டு. பெரிய பண்ணைகளில் கன்று போடும் முன் 3 வாரம் இதை தீவனத்தில் கலக்கிறார்கள். இந்த உப்பு கசக்கும், மாடு தீவனத்தை ஒதுக்கும். அளவு தெரியாமல் போடக்கூடாது.

போன ஈத்தில் பால் காய்ச்சல் வந்த மாட்டுக்கு, கன்று போடும் நாளுக்கு சுமார் ஒரு வாரம் முன்பு வைட்டமின் டி-3 ஊசி போடுவதும் உண்டு. ரொம்ப முன்னால் போட்டாலும் பயன் இல்லை, கடைசி நாள் போட்டாலும் பயன் இல்லை. அதற்கு கன்று போடும் நாள் தெரிய வேண்டும். சினை ஊசி போட்ட தேதியை காலண்டரில் குறித்து வைத்தால் அதில் இருந்து சுமார் 280 நாள் கணக்கு போடலாம். செலவில்லாத வேலை. ஆனால் செய்பவர்கள் குறைவு.

கன்று போட்ட பிறகு கதை மாறி விடும். அப்போதில் இருந்து சுண்ணாம்பு சத்து நிறைய வேண்டும். மாடு நின்று கொண்டு, நன்றாக விழுங்கும் நிலையில் இருந்தால் கன்று போட்ட அன்றே கால்சியம் ஜெல் கொடுக்கலாம். குறைத்து வைத்த அகத்தியும், மசாலும், தாது உப்பு கலவையும் இனி தாராளமாக போடலாம். வைக்கோலை மட்டுமே நம்பக்கூடாது. வைக்கோலில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்பு சத்தை உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்ளும்.

படுக்காத மாட்டுக்கும் நஷ்டம்

சுண்ணாம்பு சத்து ரொம்ப குறைந்தால் மாடு படுக்கும். ஓரளவு குறைந்தால் படுக்காது. ஆனால் உள்ளுக்குள் நஷ்டம் நடக்கும்.

கர்ப்பப்பை சரியாக சுருங்காததால் நஞ்சுக்கொடி விழாமல் தங்கி விடும். அடி தள்ளலாம். இரைப்பை மந்தமாகி மாடு தீவனம் குறைவாக எடுக்கும். காம்பு நுனி தசை இறுக மூடாமல் கிருமி நுழைந்து மடி நோய் வரும். மறுபடி சினை பிடிப்பதும் தள்ளி போகும்.

"இந்த ஈத்துல என்னமோ பால் கம்மிங்க" என்று சொல்லி பலர் விட்டு விடுகிறார்கள். அந்த "என்னமோ" பல நேரம் இந்த சுண்ணாம்பு சத்து குறைவாக இருக்கும்.

சந்தையில் கவனம்

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டு சந்தை போன்ற இடங்களில் நிறைமாத சினை மாட்டுக்கும், இளங்கன்று மாட்டுக்கும்தான் கிராக்கி. வாங்கி டெம்போவில் ஏற்றி, தண்ணீர் தீவனம் இல்லாமல் பல மணி நேரம் நிற்க வைத்து கொண்டு போகிறார்கள். பட்டினியும் களைப்பும் சேர்ந்து வழியிலேயே சுண்ணாம்பு சத்து இறங்கி மாடு விழுவது உண்டு.

எனவே வழியில் தண்ணீர் காட்ட வேண்டும். இறக்கியதும் தீவனம் போட வேண்டும். பல்லை பிடித்து பார்த்து விலை பேசும்போதே, "எத்தனாவது ஈத்து? இதுக்கு முன்னாடி பால் காய்ச்சல் வந்திருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.

ஆடு, நாய், கோழிக்கும் உண்டு

வெள்ளாடு, செம்மறி ஆடுகளுக்கு குட்டி போடும் முன்பே கடைசி மாதத்தில் இந்த குறைவு வரலாம். வயிற்றில் 2, 3 குட்டி இருந்தால் கூடுதல் ஆபத்து.

வீட்டில் வளர்க்கும் சின்ன சாதி நாய்கள் நிறைய குட்டி போட்டால், பால் கொடுக்கும் முதல் சில வாரங்களில் உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். மாட்டுக்கு உடம்பு குளிரும், நாய்க்கோ கொதிக்கும். அதுதான் வித்தியாசம். உடனே குட்டிகளை தனியாக பிரித்து வைத்து விட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். சினை நாய்க்கு கால்சியம் மருந்தை அள்ளி கொடுத்தாலும் மாட்டுக்கு சொன்ன அதே ஆபத்து உண்டு.

முட்டை கோழிக்கு ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் சுண்ணாம்பு சத்து போகிறது. நாமக்கல் பண்ணைகளில் தீவனத்தில் கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் கலப்பது இதற்குத்தான். குறைந்தால் தோல் முட்டை வரும், கோழியின் கால் வலுவிழந்து கூண்டிலேயே படுத்து விடும்.

போன் நம்பர் 1962

மாடு படுத்து விட்டால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். 1962 என்ற கட்டணம் இல்லாத நம்பருக்கு போன் செய்து கால்நடை ஆம்புலன்சை கூப்பிடலாம். கன்று போடும் வாரத்தில் டாக்டர் போன் நம்பரை கட்டுத்தறி சுவரில் எழுதி வையுங்கள். ராத்திரி 2 மணிக்கு தேடிக்கொண்டு இருக்க முடியாது.

மாட்டுக்கு இன்சூரன்ஸ் செய்திருந்தால் காதில் போட்ட வில்லை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடு இறந்து விட்டால் புதைப்பதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் டாக்டருக்கும் தகவல் சொல்ல வேண்டும். வில்லையும், டாக்டர் சான்றிதழும் இல்லாமல் பணம் வாங்குவது கஷ்டம்.

கன்று போட்ட முதல் 3 நாள் ராத்திரி தூங்க போகும் முன் ஒருமுறை, நடுச்சாமத்தில் ஒருமுறை கட்டுத்தறிக்கு போய் வாருங்கள். அசை போடுகிறதா, சாணம் போட்டிருக்கிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, காது சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். காது ஜில்லென்று இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.